தோண்டும் முன் குறியிடும் விதி: இல்லினாயில் ஊருக்கு ஊர் மாறாது, சிகாகோ மட்டும் வேறு

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் வேலிக் கம்பம் நடுவதானாலும் சரி, சாக்கடைக் குழாய் பதிப்பதானாலும் சரி, மண்ணில் கை வைப்பதற்கு முன் 811 என்ற தொலைபேசி எண்ணுக்குச் சொல்லிவிட வேண்டும். ஜூலி என்ற அமைப்பு அந்தத் தகவலை அங்கே குழாயும் கம்பியும் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு அனுப்பும். அவர்களின் ஆட்கள் வந்து தரையில் வண்ணம் பூசியோ சிறு கொடி நட்டோ காட்டுவார்கள். மின்சாரத்துக்குச் சிவப்பு, எரிவாயுவுக்கு மஞ்சள், தொலைத்தொடர்புக்கு ஆரஞ்சு, குடிநீருக்கு நீலம், கழிவுநீருக்குப் பச்சை. இதற்குக் கட்டணம் கிடையாது.

இந்த விதியை ஒரு நகராட்சி தன் விருப்பப்படி மாற்ற முடியாது. இல்லினாயில் இது கொஞ்சம் பெரிய விஷயம். 1970-ஆம் ஆண்டு மாநில அரசியலமைப்பு, 25,000 பேருக்கு மேல் வாழும் நகராட்சிகளுக்குத் தன்னாட்சி அதிகாரம் கொடுத்திருக்கிறது. வரி, உரிமம், பொதுப் பாதுகாப்பு எனப் பலவற்றில் அவை தாங்களே விதி போடலாம். ஆனால் நிலத்தடிக் குழாய், கம்பிகளுக்குச் சேதம் வராமல் தடுக்கும் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, இந்த ஒரு விஷயம் மாநிலத்துக்கு மட்டுமே உரியது என்று சொல்லிவிட்டது. நேப்பர்வில், அரோரா, எவன்ஸ்டன் எல்லாம் இதற்குக் கட்டுப்பட்டவைதான்.

இது சரியான ஏற்பாடு என்றே நினைக்கிறேன். எரிவாயுக் குழாய் ஊர் எல்லை பார்த்து நிற்பதில்லை. ஒரே வாரத்தில் மூன்று ஊர்களில் பள்ளம் எடுக்கும் தொழிலாளிக்கு, காத்திருக்க வேண்டிய நாளும் குறியின் பொருளும் இடத்துக்கு இடம் மாறினால், அந்தக் குழப்பத்தில் போவது அவருடைய உயிர்தான்.

விலக்கு ஒன்று உண்டு. 10 லட்சம் பேருக்கு மேல் வாழும் தன்னாட்சி நகராட்சி தானே விதி வகுத்துக்கொள்ளலாம் என்கிறது அதே பிரிவு. ஊர்ப் பெயரைச் சொல்லாவிட்டாலும் அந்த அளவுக்குப் பெரிய நகரம் மாநிலத்தில் சிகாகோ ஒன்றுதான். அங்கே நகரப் போக்குவரத்துத் துறையின் கீழ் '811 சிகாகோ' என்று தனி அமைப்பு இயங்குகிறது. ஹோவர்ட் தெருவில் ஒரு பக்கம் சிகாகோ, மறுபக்கம் எவன்ஸ்டன் என்று இருக்கும் இடங்களில் தெருவைக் கடந்தாலே விதி மாறிவிடும். அதனால் 811-ஐ அழைக்கும்போது வேலை எந்த ஊர் எல்லைக்குள் நடக்கிறது என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

பலர் தடுமாறுவது அனுமதிச் சீட்டு விஷயத்தில். தெருவை வெட்டவும் வேலி போடவும் உள்ளூர் நகராட்சி அனுமதி கேட்கலாம். அது வேறு, இது வேறு. நகராட்சி அனுமதி கையில் இருப்பதாலேயே குறியிடக் கேட்டதாக ஆகாது. அதேபோல், குறியிட்டு முடிந்ததாலேயே நகராட்சி அனுமதி வந்துவிட்டதாகவும் ஆகாது.

அப்புறம், மீட்டரைத் தாண்டி வீட்டுக்காரர் தாமே போட்டுக்கொண்ட இணைப்புகளைக் குறியிட வரும் நிறுவன ஆட்கள் பொதுவாகக் குறிக்க மாட்டார்கள். கொல்லைப்புற அடுப்புக்குப் போகும் எரிவாயுக் குழாய், தனிக் கொட்டகைக்கு இழுத்த மின்கம்பி, தோட்டத் தெளிப்பான் குழாய் எல்லாம் இதில் வரும். அவற்றைக் கண்டுபிடிக்கத் தனியாகக் காசு கொடுத்து ஆள் வைக்க வேண்டும்.