நாக்கைப் பிடித்து இழுக்கும் தேநீர்

நீலகிரித் தேயிலையைச் சுவைத்து மதிப்பிட ஐஎஸ்ஓ 3103 என்னும் சர்வதேசத் தரமுறை சொல்லும் கணக்கு இது: 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிட ஊறல். வீட்டில் நாம் போடும் டீயைவிடக் கடுமையாக இருக்கும். தூளின் நிறையும் குறையும் ஒளிய இடமில்லாமல் வெளிவர அந்தக் கடுமை வேண்டும்.

கரண்டியில் எடுத்துச் சத்தம் வர உறிஞ்ச வேண்டும். தேநீர் நுண்துளிகளாகச் சிதறி, அதன் ஆவி தொண்டை வழியே மூக்கின் உட்புறத்துக்கு ஏறும். பூமணத்தை அறிவது மூக்குதான், நாக்கு அல்ல. லினலூல், ஜெரானியால் போன்ற மணப்பொருள்கள் கொழுந்தில் சர்க்கரையோடு பிணைந்து மணமற்றுக் கிடக்கின்றன. கொழுந்தை வாட வைத்து உருட்டும்போது இலையின் நொதிகள் அந்தப் பிணைப்பை அறுத்து விடுவிக்கின்றன. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பறிக்கும் குளிர்காலத் தேயிலையின் மணத்துக்காகவே நான் காத்திருப்பேன்.

அடுத்தது துவர்ப்பு. என் கண்ணில் மதிப்பீட்டின் உயிரே இதுதான். அறுசுவையில் ஒன்றாக நாம் எண்ணும் துவர்ப்பை அறிவியல் பெரும்பாலும் தொடு உணர்வாகவே பார்க்கிறது. தேநீரில் துவர்ப்பைத் தரும் பாலிஃபீனால் என்னும் சேர்மங்கள் உமிழ்நீரின் புரதங்களைப் பற்றிக்கொள்ள, வாயின் வழவழப்பு குறைகிறது. வாழைப்பூவைப் பச்சையாக மென்றதுபோல நாக்கு இழுக்கிறது. பால் விட்டால் பாலின் கேசீன் புரதம் முந்திக்கொண்டு அந்தப் பாலிஃபீனால்களைப் பற்றிவிடும். அதனால்தான் பால் டீ மென்மையாக இருக்கிறது.

துவர்ப்பிலும் தரம் உண்டு. உருட்டும்போது செல்கள் உடைந்து, கேட்டெக்கின் என்னும் பாலிஃபீனால்கள் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து தியாஃபிளேவினாக மாறும். தொழிற்சாலையில் இதை நொதித்தல் என்பார்கள். நுண்ணுயிருக்கு இதில் பெரிய பங்கில்லை. தேநீருக்குப் பொன்னொளியும் வாயைத் துலக்கும் சுறுசுறுப்பும் தருவது தியாஃபிளேவின். நேரம் நீண்டால் அது தியாருபிஜினாக மாறிக்கொண்டே போகும். நிறம் கருஞ்சிவப்பாகி, கனம் கூடி, சுறுசுறுப்பு அடங்கிவிடும். இந்த மாற்றத்தை நிறுத்த, உலர்த்தும் சூட்டை எப்போது கொடுத்தார்கள் என்பதைக் கோப்பையின் நிறத்தையும் நாக்கின் இழுப்பையும் வைத்தே ஓரளவு கணிக்கலாம்.

கோப்பையை உடனே கழுவிவிடாதீர்கள், ஆறட்டும். தியாஃபிளேவினும் காஃபீனும் ஒன்றோடொன்று சேர்ந்து, குளிர்ந்ததும் தேநீரைக் கலங்கலாக்கும். அது கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல, சூடாக்கினால் தெளிந்துவிடும். நல்ல நீலகிரித் தேநீர் பல ஆறிய பிறகும் தெளிவாகவே நிற்கும். ஐஸ் டீக்கு அதை விரும்பித் தேடுவதற்குக் காரணம் அந்தத் தெளிவு.