போர்ப் புத்தகத்துல தப்பு இருக்கறது பெருசில்ல, அந்தத் தப்பு எந்தப் பக்கம் சாயுதுன்னு பாருங்க

நான்-ஃபிக்‌ஷன் புத்தகங்கள எடிட் பண்றது, அதுல இருக்கற தகவல்கள சரிபார்க்கறது, இதுதான் என் தொழில். தன்வரலாறு, நினைவுக் குறிப்புன்னு வர்றதுதான் அதிகம், நடுவுல போருக்குப் போய்ட்டு வந்து எழுதினவங்களும் வருவாங்க. இது தெரிஞ்சவங்க என்கிட்ட அடிக்கடி கேக்கறது ஒண்ணுதான், "அந்த கமாண்டோ எழுதின புக்கு செம ஹிட்டாச்சே, படமாகூட வந்துச்சே, அதெல்லாம் நெசமா இல்ல ரீலா?" ஒரு வார்த்தைல பதில் சொல்ல முடியாது. ஒரே புத்தகத்துக்குள்ள அவரு கண்ணால பார்த்தது, பக்கத்துல இருந்தவன் சொன்னது, திரும்பி வந்தப்புறம் பேப்பர்ல படிச்சது, கூட எழுதினவர் விறுவிறுப்புக்கு சேர்த்தது எல்லாம் கலந்து கெடக்கும்.

முதல்ல ஞாபகம் பத்தி ஒரு விஷயம். 1991 வளைகுடாப் போர் முடிஞ்சு வந்த 59 பேர்கிட்ட அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் வந்து ஒரு மாசம் கழிச்சு ஒரு தடவை, ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு தடவை, அதே கேள்விகளக் கேட்டாங்க, பக்கத்துல ஆளு சாகறத பார்த்தீங்களா, உங்க உசுருக்கு ஆபத்து வந்துச்சா இந்த மாதிரி. 88 சதவீதம் பேரு ஒரு பதிலையாவது மாத்திச் சொன்னாங்க. இவங்க யாருக்கும் புத்தகம் விக்கிற அவசியம் இல்ல, பொய் சொல்லி ஆகப்போறதும் ஒண்ணுமில்ல. ரெண்டு வருஷத்துக்கே இப்படின்னா இருபது வருஷம் கழிச்சு எழுதறவர் தேதியில தப்பு விட்டா நான் ஆச்சரியப்படறதே இல்ல.

அதனாலதான் சில பேரு ஒரு சின்னத் தப்ப கண்டுபிடிச்சுட்டு மொத்த புத்தகமும் டுபாக்கூர்னு குதிக்கிறப்ப எனக்கு ஒப்புதல் வராது. இதுக்கு ரொம்ப பிரபலமான கேஸ் கி சாஜேர்ங்கறவரோடது. 1967ல பிரெஞ்சுல வந்த புத்தகம், ரெண்டாம் உலகப் போர்ல ரஷ்யப் போர்முனைல ஜெர்மன் ராணுவத்தோட கிராஸ்டாய்ச்லண்ட் டிவிஷன்ல இருந்த ஒரு பையனோட கதை. அந்த டிவிஷன்காரங்களுக்கு பேரு நெய்த ஒரு பட்டை உண்டு, கோட்டோட வலது கைல தைப்பாங்க. சாஜேர் இடது கைல தைச்சதா எழுதிட்டாரு. 1992ல ஒரு அமெரிக்க ராணுவ அதிகாரி இதையும் இன்னும் சில பிழைகளையும் எடுத்துப் போட்டு, அவ்ளோ பெருமையா நெனைக்கிற பட்டைய எந்தக் கைல தைச்சோம்னு ஒருத்தன் மறப்பானா, இது கற்பனைன்னு கட்டுரை எழுதினாரு. அப்புறம் இன்னொருத்தர் பதில் எழுத, சாஜேரே கடுதாசி போட்டு நான் போர் வரலாறு எழுத உக்காரல, நான் பட்டத எழுதினேன்னு சொல்ற மாதிரி விளக்கம் கொடுத்தாரு.

என் கணக்குல அந்தக் கைப்பட்டை பலவீனமான ஆதாரம். வலதா இடதா எழுதினா சாஜேருக்கு என்ன லாபம்? யாரும் அதனால அவர வீரன்னு சொல்லப் போறதில்ல. ஞாபகத்துல வர்ற தப்பு இப்படித்தான் இருக்கும், யாருக்கும் பிரயோசனம் இல்லாம, பல பக்கமும் சிதறி. ஒரு இடத்துல ஊரு மாறும், ஒரு இடத்துல மாசம் மாறும், ஒரு இடத்துல தன்னோட பெருமையகூட மறந்து குறைச்சு எழுதியிருப்பாரு. எல்லாத் தப்பும் ஒரே பக்கம், எழுதினவருக்கு சாதகமாவே சாஞ்சா அங்கதான் நான் நிக்கிறேன்.

எண்ணிக்கைய எடுத்துக்கோங்க. 2005 ஜூன் 28, ஆப்கானிஸ்தான் குனர் மலைல நாலு அமெரிக்க சீல் (கடற்படை கமாண்டோ) வீரர்கள் மாட்டிக்கிட்டாங்க, மூணு பேரு செத்துப் போனாங்க, காப்பாத்த வந்த ஹெலிகாப்டரும் விழுந்து இன்னும் 16 பேரு. உயிரோட வந்தவர் மார்கஸ் லட்ரெல். 2007ல அவரு புத்தகம் வந்துச்சு, அதுல எதிரிங்க 80ல இருந்து 200 பேருங்கற அளவுக்குப் போவுது. ஆனா சம்பவத்துக்கு அப்புறம் ராணுவத்துக்கு அவரே கொடுத்த ரிப்போர்ட்டுல 20ல இருந்து 35. செத்துப்போன அவரோட டீம் லீடருக்கு மெடல் கொடுத்தப்ப அரசாங்கம் சொன்னது 30ல இருந்து 40. பின்னாடி உளவுத் தகவல், எதிரிங்களே எடுத்த வீடியோ இதெல்லாம் வச்சு ஆராய்ச்சி பண்ணி எழுதின ஒருத்தர் 8ல இருந்து 10 பேருன்னாரு.

இதுல லட்ரெல் பொய் சொன்னாருன்னு நான் சொல்லல, தயவுசெஞ்சு அப்படிப் படிக்காதீங்க. மலைச்சரிவுல மேல இருந்து சுடறப்ப பத்துப் பேரு நூறு பேரா தெரியறது சாதாரணம், எதிரொலி வேற. என் கண்ணுல பட்டது வேற. எழுத்து வேலைய செஞ்சவர் பாட்ரிக் ராபின்சன், கடற்படை த்ரில்லர் நாவல் எழுதற ஆளு. நாவல் எழுதறவர் ஒரு மனுஷன உக்கார வச்சுப் பேட்டி எடுத்து எழுதினா என்ன ஆகும்னு இந்தத் தொழில்ல இருக்கறவங்களுக்குத் தெரியும், 'நெறைய பேரு இருந்தாங்க'ன்னு சொன்னது ஒரு நம்பரா மாறும், அந்த நம்பர் அடுத்த டிராஃப்டுல கொஞ்சம் ஏறும், ஆசிரியரும் படிச்சுட்டு ஆமா அப்படித்தான் இருந்துச்சுன்னு நெனைப்பாரு, அப்புறம் டிவி பேட்டில அவரு வாயிலயே அது வரும். யாரும் திட்டம் போட்டு ஏமாத்தல, ஆனா அச்சுல வந்தது தப்பு. அதனால போர்ப் புத்தகம் வாங்கினா அட்டைல சின்ன எழுத்துல "உடன்" போட்டு இன்னொரு பேரு இருக்கான்னு பாருங்க, இருந்தா அவர் இதுக்கு முன்னாடி என்ன எழுதினாருன்னும் தேடிப் பாருங்க.

நான் கைப்பிரதி எடுத்தா பண்றது ரொம்ப போரடிக்கிற வேலை. ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஓரத்துல பார்த்தாரு, கேட்டாரு, படிச்சாருன்னு மூணுல ஒண்ணு குறிச்சுக்கிட்டே போவேன். ஒருத்தர் எழுதியிருந்தாரு, எதிரி கமாண்டர் கூடாரத்துக்குள்ள தன் ஆளுங்களத் திட்டறாரு, ஒரு பக்கம் முழுக்க டயலாக், மேஜைல குத்தறாரு, டீ கொட்டுது. சார் இத யாரு கேட்டாங்கன்னேன். சிரிச்சுக்கிட்டே "எங்க யூனிட்ல எல்லாருக்கும் தெரிஞ்ச கதைம்மா அது"ன்னாரு. அவர் ஏமாத்தல, நெசமாவே நடந்ததுன்னு நம்பினாரு. அந்தப் பக்கத்த "எங்களுக்குள்ள இப்படி ஒரு கதை ஓடும்"னு ஆரம்பிச்சு நாலு வரியாக்கினோம், டீ போயிடுச்சு. சொன்னா நம்ப மாட்டீங்க, புத்தகத்துல அந்த எடம்தான் இப்ப நல்லா இருக்கு, ராத்திரி உக்காந்து சிப்பாய்ங்க என்ன பேசிக்குவாங்கன்னு தெரியுது.

நீங்க வாசகரா செய்யக்கூடியதும் இதுதான், எங்கயெல்லாம் பக்கம் பக்கமா வசனம் வருதோ அங்க இத யாரு எழுதி வச்சிருந்தாங்கன்னு ஒரு தடவ கேட்டுக்கோங்க.

அரசாங்க ரெக்கார்டு இருந்தா தீந்துச்சுன்னு நெனைக்கிறவங்களுக்கு ஒண்ணு. அமெரிக்கக் கடற்படை ஸ்னைப்பர் கிறிஸ் கைல்ங்கறவர், 2012ல வந்த புத்தகத்துல ரெண்டு சில்வர் ஸ்டார், அஞ்சு வெண்கல ஸ்டார் பதக்கம் வாங்கினதா போட்டிருந்தாரு. 2016ல செய்தியாளர்கள் தோண்டினப்ப கணக்கு இடிச்சுது, கடைசில கடற்படை சொன்னது ஒரு சில்வர், நாலு வெண்கலம். ஆனா அவர் படைய விட்டு வெளிய வந்தப்ப கொடுத்த டிஸ்சார்ஜ் ஃபார்ம்லயும் ரெண்டு சில்வர்னுதான் இருந்துச்சு, அதாவது ஆபீஸ் காகிதமே தப்பு! அதே புத்தகத்துல ஒரு பார்ல ஒருத்தர அடிச்சதா எழுதி, அது முன்னாள் கவர்னர் ஜெஸ்ஸி வென்சுராதான்னு பேட்டில வேற சொல்ல, அவரு கேஸ் போட்டு 2014ல ஜூரி 18 லட்சம் டாலருக்கு மேல கொடுக்கச் சொல்லுச்சு. 2016ல மேல்முறையீட்டுல அது ரத்தாச்சு, 2017ல சமரசமா முடிஞ்சுது. கோர்ட்டுகூட கடைசி வரைக்கும் நடந்துச்சா நடக்கலையான்னு தீத்து வைக்கல.

எனக்கு ரொம்ப உறுத்தற கேஸ் பிராவோ டூ ஜீரோங்கற ரோந்துக் குழுவோடது. 1991 ஜனவரி, ஈராக் பாலைவனத்துல எட்டு பிரிட்டிஷ் எஸ்ஏஎஸ் (சிறப்புப் படை) வீரர்கள். மூணு பேரு செத்தாங்க, நாலு பேரு பிடிபட்டாங்க, ஒருத்தர் நடந்தே சிரியா போய்ட்டாரு. லீடர் ஆண்டி மெக்நாப்ங்கற புனைபெயர்ல 1993ல எழுதினாரு, தப்பிச்சவர் கிறிஸ் ரயன்ங்கற புனைபெயர்ல 1995ல எழுதினாரு, ரெண்டும் பிச்சுக்கிட்டு வித்துச்சு. மெக்நாப் புத்தகத்துல எதிரிப் பக்கம் செத்தவங்க, காயம்பட்டவங்க 250 பேரு. ரயன் புத்தகம், அவங்க இருக்கற எடம் வெளிய தெரிஞ்சதுக்கு குழுவுல இருந்த வின்ஸ் பிலிப்ஸ்னு ஒருத்தர் மேல பழி போட்டுச்சு. பிலிப்ஸ் அந்தப் பாலைவனத்துலயே குளிர்ல செத்தவர்.

மைக்கேல் ஆஷர்னு ஒரு எழுத்தாளர், அவரும் எஸ்ஏஎஸ்ல இருந்தவர், அரபி தெரியும், 2001ல அந்த எடத்துக்கே போனாரு. அங்க குடியிருந்த பெதுயின் (பாலைவன அரபு நாடோடி) குடும்பத்தக் கண்டுபிடிச்சாரு. அன்னைக்கு புல்டோசர் ஓட்டிட்டு வந்தவர் எஸ்ஏஎஸ் ஆளுங்கள பார்த்துட்டாரு, அப்புறம் அந்தக் குடும்பத்துல மூணு பேருதான் துப்பாக்கி எடுத்துட்டு வந்து சுட்டோம்னு சொன்னாங்க. புத்தகத்துல வந்த பெரிய சண்டைங்க எதுக்கும் அங்க தடயம் கிடைக்கலன்னு ஆஷர் எழுதினாரு, பிலிப்ஸ் மேல விழுந்த பழியும் நியாயமில்லன்னாரு. அப்போ படைப்பிரிவோட சீனியர் சார்ஜென்ட் மேஜரா இருந்த பீட்டர் ராட்கிளிஃப், திரும்பி வந்து கொடுத்த அதிகாரப்பூர்வ வாக்குமூலத்துல அந்த சண்டைங்க பத்தி குழுவுல இருந்தவங்க பேசவே இல்லன்னு எழுதியிருக்காரு. ஒரே சம்பவத்துக்கு எத்தன புத்தகம் பாருங்க, ஒண்ண மட்டும் படிச்சவங்களுக்கு மத்தது எதுவும் தெரியாது.

இங்க தப்பு எல்லாம் எந்தப் பக்கம் சாயுதுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. 250ங்கறது பெருமை, அதக் கூட விட்டுடலாம், வாசகன் ஏமாந்தான், அவ்ளோதான். செத்தவர் மேல பழின்னா அது அவரு வீட்டுல இருக்கறவங்க தெருவுல தலை நிமிர்ந்து நடக்கற விஷயம். பேசறதுக்கு அவரும் இல்ல, அவதூறு கேஸ் போடறதுக்கு பிரிட்டன் சட்டத்துல செத்தவங்களுக்கு வழியும் இல்ல. பதிப்பகத்து வக்கீல் உயிரோட இருக்கறவங்க பேரு வர்ற பக்கத்த மட்டும்தான் பூதக்கண்ணாடி வச்சுப் பார்ப்பாரு, செத்தவங்க பேரு வர்ற பக்கத்த எடிட்டர் பார்க்கலன்னா யாரும் பார்க்கப் போறதில்ல.

அதனால எந்தக் கைப்பிரதி வந்தாலும் நான் முதல்ல செத்தவங்க பேர ஒரு தாள்ல எழுதிக்கிறேன், அவங்களப் பத்தி குறையா எங்கெல்லாம் வருதோ அங்கெல்லாம் ஆசிரியர் சொல்றது தவிர இன்னொரு சாட்சியாவது, அன்னைக்கு எழுதின டைரி, கடுதாசி, ரேடியோ லாக், ஏதாவது ஒண்ணு கேக்கறேன். இல்லன்னா அந்த வரிய எடுக்கச் சொல்வேன், இல்ல "எனக்கு அப்படித் தோணுச்சு"ன்னு மாத்தச் சொல்வேன். சண்டை வரும், நீங்க அங்க இருந்தீங்களாம்பாங்க, சில பேரு கைப்பிரதிய வாங்கிட்டு வேற எடத்துக்குப் போய்டுவாங்க, அங்க அது அப்படியே அச்சாகும்.