வலை வீசும் வெள்ளையணு: வயிற்றுச் சிரையில் ரத்தம் உறைவது எப்படி?

கணையப் புற்றுநோய் உள்ள அம்மாவின் சிடி ஸ்கேனில் ‘போர்ட்டல் வெயின் த்ராம்போசிஸ்’, அதாவது கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் சிரையில் ரத்த உறைவு, என்று வந்திருக்கிறது. ரத்தம் காலில்தானே உறையும், வயிற்றில் எப்படி என்று கேட்கிறார் ஒரு வாசகர்.

குடலிலிருந்து வரும் சிரையும் மண்ணீரல் சிரையும் கணையத்தின் கழுத்துக்குப் பின்னால் சேர்ந்து போர்ட்டல் சிரையாகின்றன. கல்லீரலுக்குப் போகும் ரத்தத்தில் ஏறக்குறைய 75 சதவீதம் இதன் வழியேதான் போகிறது. உள்ளே அழுத்தம் வெறும் 5 முதல் 10 மி.மீ. பாதரசம். ஏற்கெனவே நிதானமாக ஓடும் ரத்தம், பக்கத்தில் வளரும் கட்டி நெருக்கினால் தேங்கவே தொடங்கிவிடும்.

தேக்கம் மட்டும் போதாது. ரத்தம் உறைவதைத் தொடங்கிவைக்கும் ‘டிஷ்யூ ஃபாக்டர்’ என்ற புரதம் வழக்கமாகக் குழாய்க்கு வெளியேதான் இருக்கும், காயம்பட்டால்தான் ரத்தத்தைத் தொடும். கணையப் புற்றணுக்களோ அதைத் தங்கள் மேற்பரப்பிலேயே சுமக்கின்றன, நுண்குமிழிகளில் ஏற்றி ரத்தத்திலும் விடுகின்றன. பிறகு த்ராம்பின் என்ற நொதி, அது உருவாக்கும் ஃபைப்ரின் என்ற நார்ப் புரதம் என்று பள்ளியில் படித்த அதே சங்கிலிதான்.

இனி வருவதுதான் அற்புதம். புற்றுக்கட்டி நியூட்ரோஃபில் எனும் வெள்ளையணுக்களை உசுப்பிவிடுகிறது. அணுக்கருவுக்குள் சுமார் 2 மீட்டர் டிஎன்ஏ, ஹிஸ்டோன் புரத உருண்டைகளில் இறுகச் சுற்றியிருக்கும். ஹிஸ்டோன் நேர்மின்சுமை, டிஎன்ஏ எதிர்மின்சுமை. அந்த ஈர்ப்புதான் பிடிமானம். பிஏடி4 என்ற நொதி ஹிஸ்டோனின் அர்ஜினினைச் சிட்ருலினாக மாற்றுகிறது. நேர்மின்சுமை குறைகிறது, பிடி தளர்கிறது, நூல்கண்டு அவிழ்கிறது. வெள்ளையணு வெடித்து அந்த நூலை வலையாக வெளியே வீசுகிறது. தட்டணுக்களும் டிஷ்யூ ஃபாக்டர் குமிழிகளும் அதில் சிக்குகின்றன. ஹிஸ்டோன்கள் தட்டணுக்களை மேலும் தூண்டுகின்றன. ஃபைப்ரினைக் கரைக்கும் நொதிக்கு டிஎன்ஏவை வெட்டத் தெரியாது. அதனால்தான் இந்த வலை பின்னிய ரத்தக்கட்டி எளிதில் கரைவதில்லை.

2004-இல் இந்த வலையைக் கண்டவர்கள் புற்றுநோயைத் தேடவில்லை. வெள்ளையணு பாக்டீரியாவை எப்படிக் கொல்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ‘இதனால் என்ன பயன்?’ என்று கேட்டுவிட்டு நிதி தருபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அறிக்கையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சிரைக்குள் இருப்பது ரத்த உறைவா, உள்ளே புகுந்து வளரும் புற்றுக்கட்டியே தானா? கல்லீரல் புற்றுநோயில் இரண்டாவது அடிக்கடி நேரும். சாய மருந்து செலுத்தியதும் அந்த அடைப்பே தமனிக் கட்டத்தில் (சாயம் தமனிகளில் ஓடும் முதல் சில நொடிகளில்) ஒளிர்ந்தால், சிரையும் விரிந்திருந்தால், அது புற்று. உறைவெதிர் மருந்து அதைக் கரைக்காது.

வெறும் உறைவு என்றால் பெரும்பாலும் எனாக்சபாரின் ஊசி: கிலோவுக்கு 1 மில்லிகிராம், 12 மணிநேரத்துக்கு ஒருமுறை. 60 கிலோ எடையென்றால் வேளைக்கு 60 மில்லிகிராம். சிறுநீரகம் மிகவும் பழுதென்றால் குறைப்பார்கள். கீமோவால் தட்டணுக்கள் 50,000-க்குக் கீழே போனால் அளவை வழக்கமாகப் பாதியாக்குவார்கள், 25,000-க்குக் கீழே நிறுத்துவார்கள். சிலருக்கு மாத்திரையும் சரிவரும். ஆனால் இரைப்பையிலோ குடலிலோ கட்டி இருந்தால் ரத்தக்கசிவு கூடும். சிகிச்சை குறைந்தது 3 முதல் 6 மாதம், புற்று அடங்காதவரை அதற்கு மேலும்.

இம்மருந்துகளை ‘ரத்தத்தை மெலிதாக்கும் மருந்து’ என்பது எனக்குப் பிடிக்காத பெயர். ரத்தம் மெலிவதும் இல்லை, மருந்து ரத்தக்கட்டியைக் கரைப்பதும் இல்லை. புதிதாக உறைவதைத் தடுத்து, உடலின் சொந்த நொதி பழையதைக் கரைக்க அவகாசம் தருகிறது, அவ்வளவே. ‘வலி போய்விட்டது’ என்று நடுவில் நிறுத்தினால் ரத்தக்கட்டி மறுபடி வளரும்.

போர்ட்டல் சிரை அடைபட்டால் ரத்தம் சுற்றுவழி தேடி உணவுக்குழாய்ச் சிரைகளைப் புடைக்கச் செய்யும். அதனால் பல நேரம் எண்டோஸ்கோப்பியும் செய்து பார்ப்பார்கள். ரத்த வாந்தி, தார்போன்ற கறுப்பு மலம், கைவைத்துப் பார்த்தால் மென்மையாக இருக்கும் வயிற்றில் தாங்கமுடியாத வலி: இவற்றில் எது வந்தாலும் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. கடைசியாகச் சொன்னது குடலுக்கு ரத்தம் நின்றுபோவதன் அடையாளம். அங்கே கணக்கு மணிநேரத்தில்தான்.