200 மணி நேரமும் ஒரு வௌவாலும்

வேலைக்காகத் தன்னந்தனியாக வேறு நாட்டுக்குப் போய் எட்டு மாதமான வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். வேலை பிடித்திருக்கிறதாம், தெருக்கள் பழகிவிட்டனவாம், மொழியும் தட்டுத்தடுமாறி வருகிறதாம். "ஆனால் சனிக்கிழமை காலையில் 'என்ன செய்கிறாய்' என்று கூப்பிட்டுக் கேட்க ஓர் ஆள் இல்லை. அலுவலகத்தில் எல்லோரும் நன்றாகச் சிரித்துப் பேசுகிறார்கள். ஆறு மணி ஆனால் காணாமல் போய்விடுகிறார்கள். வியாழக்கிழமை மொழி வகுப்பில் ஏழு மாதமாக என் பக்கத்து நாற்காலியில் உட்காருபவரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஊரில் எனக்கு நண்பர்களுக்குக் குறைவே இருந்ததில்லை. இங்கே வந்து எனக்கு என்னதான் ஆயிற்று?"

உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மணிக்கணக்கு உதைக்கிறது, அவ்வளவுதான். அதை அப்புறம் போட்டுப் பார்ப்போம்.

முதலில் அந்தச் சனிக்கிழமை வலி. அதைப் பசியின் தம்பி என்றே எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 40 பேரை ஒருநாள் 10 மணி நேரம் மனித முகமே பார்க்காமல், ஃபோனும் இல்லாமல், ஓர் அறையில் இருக்கவைத்தார்கள். இன்னொரு நாள் அதே ஆட்களை 10 மணி நேரம் பட்டினி போட்டார்கள். இரண்டு நாளும் முடிவில் மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். பட்டினி நாளில் சாப்பாட்டுப் படத்தைப் பார்த்ததும் நடுமூளையில் எந்தப் பகுதி துள்ளியதோ, தனிமை நாளில் மனிதர்கள் கூடிச் சிரிக்கும் படத்தைப் பார்த்ததும் அதே பகுதி துள்ளியது. 2020இல் வெளியான ஆய்வு இது. வெறும் பத்து மணி நேரத்துக்கே இந்தப் பாடு. நீங்களோ எட்டு மாதம்.

சரி, கணக்குக்கு வருவோம்.

அறிமுகமான ஒருவர் நண்பராக எவ்வளவு நேரம் பிடிக்கும்? கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் இதை நேராகவே கேட்டுப் பார்த்தார். கடந்த ஆறு மாதத்துக்குள் புது இடத்துக்குக் குடிபெயர்ந்த 355 பேர். அங்கே போன பிறகு பழக்கமான ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள், அவரோடு மொத்தம் எத்தனை மணி நேரம் கழித்தீர்கள், இப்போது அவர் உங்களுக்கு யார் என்று கேட்டார். 2018இல் வெளியான விடை: சும்மா தெரிந்தவர் என்பதிலிருந்து 'பழக்கமானவர்' ஆவதற்குச் சுமார் 50 மணி நேரம். தயங்காமல் 'நண்பர்' என்று சொல்வதற்குச் சுமார் 90. நெருங்கிய நண்பர் ஆவதற்கு 200க்கு மேல். இதில் ஒரு வில்லங்கம் உண்டு: பக்கத்துப் பக்கத்து மேசையில் வேலை பார்த்த நேரம் அவ்வளவாகக் கணக்கில் ஏறவில்லை. வெட்டியாகச் சேர்ந்து உட்கார்ந்திருந்த நேரம்தான் ஏறியது.

இப்போது உங்கள் பள்ளிக்கூடத்தை நினைத்துப் பாருங்கள். நாளைக்கு ஆறு மணி நேரம், வாரத்துக்கு 30. ஒரே பெஞ்சில் உட்காரவைத்தால் இரண்டாவது வாரத்திலேயே 50ஐத் தாண்டிவிடுவீர்கள், ஏழாவது வாரத்தில் 200. யாரும் எந்த முயற்சியும் செய்யவில்லை, மணி அடித்தது, போய் உட்கார்ந்தீர்கள். புது நாட்டில்? ஒருவரை மாதம் இரண்டு முறை, இரண்டிரண்டு மணி நேரம் சந்திக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் 50ஐத் தொடவே ஓராண்டுக்கு மேல் ஆகும். 200க்கு நான்கு ஆண்டுக்கு மேல். வயது ஏறினால் மனது இறுகிவிடும், அதனால்தான் நட்பு வாய்ப்பதில்லை என்பார்கள். எனக்கு அந்தப் பேச்சில் நம்பிக்கை இல்லை. வகுப்பறை கையைவிட்டுப் போய்விட்டது, வேறொன்றுமில்லை.

'சிலருக்கு ஆட்கள் சேரும் ராசி' என்றும் ஒரு பேச்சு உண்டு. அந்த ராசி எங்கே இருக்கிறது என்பதை 1950லேயே கண்டுபிடித்துவிட்டார்கள்: மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. அதே எம்.ஐ.டி., இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம். மணமான மாணவர்களுக்கென்று இரண்டு மாடிக் கட்டடங்கள், மாடிக்கு ஐந்து வீடு. எது காலியோ அதுதான் கிடைக்கும். அண்டை வீட்டாரைத் தேர்ந்தெடுக்க வழியில்லை. உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கரும் அவருடைய சகாக்களும் போய், நீங்கள் அதிகம் பழகுவது யாரோடு என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டார்கள். அடுத்த வீட்டுக்காரரைச் சொல்லும் வாய்ப்பு 41 சதவீதம். ஒரு வீடு தள்ளி இருப்பவர் என்றால் 22. அதே தளத்தின் மறுகோடி என்றால் 10. எல்லாம் சில எட்டு தூரம்தான், நடந்து போனால் ஒரு நிமிடம்கூட ஆகாது. இன்னும் வேடிக்கை, கீழ்த்தளத்தில் மாடிப்படியை ஒட்டி இருந்தவர்களுக்கு மேல்தளத்தில் நண்பர்கள் அதிகம். மேலே இருப்பவர்கள் தினமும் அவர்கள் வாசலைக் கடந்துதானே ஏற வேண்டும்! தபால் பெட்டி பக்கத்தில் இருந்தவர்களுக்கும் அதே யோகம்.

வெறுமனே கண்ணில் படுவதற்குக்கூடப் பலன் உண்டு. 1992இல் மோர்லேண்ட், பீச் என்ற இருவர், பார்க்க ஒரே மாதிரி இருக்கும் நான்கு பெண்களை ஒரு கல்லூரி வகுப்புக்கு அனுப்பினார்கள். ஒருவர் 15 நாள் போனார், ஒருவர் 10, ஒருவர் 5, ஒருவர் போகவே இல்லை. போனவர்கள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. பருவ முடிவில் நான்கு பேர் படத்தையும் மாணவர்களிடம் காட்டினால், அதிக நாள் வந்தவர்தான் அதிகம் பிடித்தவராக இருந்தார். எங்கேயோ பார்த்த முகம், நம்மை ஒன்றும் செய்யவில்லை, நல்ல முகம்தான் என்று மூளை ஓட்டுப் போட்டுவிடுகிறது.

ஆனால் இதோடு நின்றால் கதை முடியாது. தினமும் ஒரே ரயிலில் ஒரே முகத்தைப் பார்த்துக்கொண்டே பத்து ஆண்டு ஓட்டுபவர்கள் உண்டு. பார்த்த முகம் எந்த இடத்தில் நம் ஆள் ஆகிறது? அதற்குத்தான் வௌவால்.

மத்திய, தென் அமெரிக்காவில் வாழும் இரத்தம் குடிக்கும் வௌவாலுக்கு எடை முப்பது கிராம் சொச்சம். இரத்தத்தைத் தவிர வேறெதையும் தொடாது. அந்தச் சாப்பாட்டில் கொழுப்பு அறவே குறைவு, அதனால் உடம்பில் சேமிப்பும் இல்லை. தொடர்ந்து மூன்று இரவு வெறும் வயிற்றோடு திரும்பினால் செத்துவிடும். ஆனால் பெரும்பாலும் சாவதில்லை. ஏனென்றால் பட்டினியோடு வந்ததன் வாயில், இரவு நன்றாகக் குடித்துவிட்டு வந்த இன்னொன்று கொஞ்சம் இரத்தத்தைக் கக்கி ஊட்டும். சொந்தபந்தத்துக்கு மட்டுமில்லை, ஒரே பொந்தில் வெகுநாள் சேர்ந்து தொங்கிய அந்நியத்துக்கும். ஜெரால்ட் வில்கின்சன் கோஸ்டா ரிகாவில் கவனித்து 1984இல் எழுதினார்.

அப்புறம் வந்தது எனக்குப் பிடித்த கேள்வி. சொந்தமில்லாத இரண்டு வௌவால்கள் இந்த அளவுக்கு எப்படித்தான் வந்து சேர்ந்தன? முதல் நாள் என்ன நடந்திருக்கும்? இன்னொரு ஜெரால்ட், ஜெரால்ட் கார்ட்டர், பனாமாவில் ஒன்றுக்கொன்று வெகு தொலைவான இரண்டு இடங்களிலிருந்து வௌவால்களைப் பிடித்துக் கூண்டில் சேர்த்துவிட்டார். முன்பின் தெரியாதவை. அவ்வப்போது ஒன்றை மட்டும் ஓர் இரவு பட்டினி போட்டு, மற்றது என்ன செய்கிறது என்று ஓராண்டுக்கும் மேலாக இருட்டில் கேமரா வைத்துப் பார்த்தார்கள். 2020இல் முடிவு வெளியானது.

புதியவற்றில் எதுவும் எடுத்த எடுப்பில் இரத்தத்தைக் கக்கிக் கொடுத்துவிடவில்லை. முதலில் ஒன்று பக்கத்தில் வந்து மற்றதன் ரோமத்தை நாவால் கொஞ்சம் நக்கிச் சுத்தம் செய்யும். செலவில்லாத காரியம். மற்றது பதிலுக்குச் செய்தால் அடுத்தமுறை இன்னும் கொஞ்ச நேரம். வாரக்கணக்கில் இந்த நக்கல் ஏறிக்கொண்டே போகிறது. எந்த ஜோடியில் நன்றாக ஏறியதோ, அதில்தான் பிறகு ஒரு நாள், பட்டினி கிடந்ததற்கு மற்றது வாயைத் திறந்து ஊட்டுகிறது. இப்படி நடக்கலாம் என்று ராபர்ட்ஸ், ஷெராட் என்ற இருவர் 1998லேயே கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார்கள். அந்நியனிடம் முதலில் தொலைத்தாலும் வலிக்காத அளவுக்குக் கொடு, திரும்பி வந்தால் அடுத்த முறை சற்றுக் கூட்டு, வராவிட்டால் போனது கொஞ்சம்தான் என்று நகர்ந்துகொள். ஏலத்தில் படிப்படியாக ஏற்றுவது போல. காகிதத்தில் அழகாக இருந்த ஒரு யோசனை, இருட்டுக் கூண்டில், முப்பது கிராம் உடம்பில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு நடப்பதைப் பார்க்க எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

அதே ஆய்வில் இன்னொன்று. ஏற்கெனவே ஒட்டி உறவாடும் கூட்டத்துக்குள் தனியாக விடப்பட்ட புதியதைவிட, ஒரே ஒரு அந்நியத்தோடு ஜோடியாக விடப்பட்டவை எளிதில் நெருங்கின. கூட்டத்தில் இருப்பவற்றுக்குத்தான் நக்க ஆள் ஏற்கெனவே இருக்கிறதே!

வௌவால் வௌவாலை நக்குவதை எண்ணுவதற்கா மக்கள் வரிப்பணம் என்று கேட்பவர்களை எனக்குத் தெரியும். என்னுடைய பதில் சின்னது. தனிமையைத் தீர்ப்பதாகச் சொல்லிக்கொண்டு வரும் செயலிகளில் கொட்டும் பணத்தில் நூறில் ஒரு பங்கை இந்த மாதிரிக் கூண்டுகளுக்குக் கொடுத்திருந்தால், அந்தச் செயலிகளில் பாதியைத் தொடங்கியே இருக்க மாட்டார்கள்.

நானும் ஒரு காலத்தில் இப்படித் தனியாகப் போய் இருந்தவன்தான். குடியிருந்த கட்டடத்தின் நிலவறையில் பொதுச் சலவை அறை. ஞாயிறு இரவு ஏழு மணிக்கு அங்கே எப்போதும் ஒரு பெண் இருப்பார், அவரும் வேறு நாட்டிலிருந்து வந்தவர். இருவருக்கும் பொதுவான மொழி இருவருக்குமே அரைகுறை. முதல் சில வாரம் தலையசைப்பு மட்டும். ஒருநாள் நான் மூன்றாவது எந்திரத்தில் துணியைப் போடப் போனபோது, அவர் விரலால் தட்டி, "இது சுற்றும், பிழியாது" என்றார். அடுத்த வாரம் அவருடைய சோப்புத்தூள் தீர்ந்துபோயிருந்தது, நான் டப்பாவை நீட்டினேன். பிறகு ஒருமுறை நான் மேலே போய்த் தூங்கிவிட்டேன். இறங்கி வந்து பார்த்தால் துணியெல்லாம் காய்ந்து, மடித்து, காலுறைகள் ஜோடி ஜோடியாக உருட்டி வைக்கப்பட்டிருந்தன. காலுறையை உருட்டி வைப்பதெல்லாம் கொஞ்சம் அதிகமில்லையா என்று கூச்சமாகக்கூட இருந்தது. குளிர்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்து இரண்டு ஞாயிறு இறங்கவில்லை. மூன்றாம் நாளே, ஆம், முதல் ஞாயிறு தவறிய மூன்றாம் நாளே, கதவைத் தட்டி, எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போய் மருந்தோடு வந்தார். அன்றைக்கு அவர் கையில் என் வீட்டு மாற்றுச் சாவியைக் கொடுத்தேன். தலையசைப்பிலிருந்து சாவி வரை ஏறக்குறைய ஐந்து மாதம். நடுவில் எந்தப் படியைத் தாண்டிக் குதித்திருந்தாலும் இருவரில் ஒருவர் மிரண்டிருப்போம். முதல் வாரமே சாவியை நீட்டியிருந்தால் அவர் போலீஸைக் கூப்பிட்டிருப்பார்.

பல மாதம் கழித்து அவரிடம் ஒன்று சொன்னேன்: ஆரம்பத்தில் நான் உங்களுக்குத் தொந்தரவோ என்று பயந்துகொண்டே இருந்தேன், ஒரு ஞாயிறு நேரத்தை மாற்றிக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தேன். அவர் சிரித்தார். அவரும் அதையேதான் நினைத்தாராம், அவருக்கு வந்தது எட்டு மணி யோசனை. இதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். முன்பின் தெரியாத இருவரைப் பேசவிட்டு, அவருக்கு உங்களைப் பிடித்திருக்குமா என்று தனித்தனியே கேட்டால், இருவரும் உண்மையில் இருப்பதைவிடக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். 2018இல் வந்தது. கல்லூரி விடுதியில் புதிதாகச் சேர்ந்து தங்கியவர்களிடம் இந்தக் குறை மதிப்பீடு பல மாதம் நீடித்தது. பேசி முடித்ததும் மனது நாம் உளறியதையெல்லாம் ஓட்டிக் காட்டுகிறது. எதிராளி அதைக் கவனிக்கக்கூட இல்லை, அவர் தன்னுடைய உளறலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஆகவே வாசகிக்கு. அலுவலகக் கூட்டத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அவர்களுக்கு ஆறு மணிக்குப் போய்ச் சேர ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள், உங்கள் மேல் வெறுப்பு ஒன்றுமில்லை. ஆனால் அந்த மொழி வகுப்பு? அங்கே வருபவர்கள் எல்லோருமே புதியவர்கள். ஏழு மாதம் என்றால் ஏறக்குறைய முப்பது வியாழக்கிழமை. வகுப்பு இரண்டு மணி நேரம் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், பக்கத்து நாற்காலிக்காரரோடு அறுபது மணி நேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள். பாடம் நடந்த நேரமெல்லாம் முழுதாகக் கணக்கில் ஏறாதுதான். ஆனால் மோர்லேண்ட் அனுப்பிய பெண் 15 நாள்தான் போனார். நீங்கள் அதைப் போல இரண்டு மடங்கு போயிருக்கிறீர்கள். அவர் உங்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டார்.

இந்த வியாழன் பேனா எழுதவில்லை என்று சொல்லிப் பாருங்கள். திருப்பிக் கொடுக்கும்போது பெயரைக் கேளுங்கள். சாவியெல்லாம் அப்புறம்.