க்ளோவருக்குள் விழுந்த மாடு

யாருக்காவது எல்லாம் கூடி வந்துவிட்டால் "அவன் காட்டில் மழை" என்கிறோம். இந்தக் காடு புலி உலாவுகிற காடு இல்லை, வானம் பார்த்த மானாவாரி நிலம். கோயம்புத்தூர்ப் பக்கம் "காட்டுக்குப் போயிருக்காரு" என்றால் விவசாய வேலைக்குப் போயிருக்கிறார் என்று அர்த்தம். இதையே ஓர் ஆங்கிலேய விவசாயியிடம் சொன்னால் "ஐயோ பாவம்" என்பார், மழை எப்போது விடும் என்பதுதான் அவருக்குப் பெரும்பாலும் கவலை. சுகவாசியைச் சொல்ல அவர்களிடம் இருப்பது வேறு: 'இன் க்ளோவர்', அதாவது ஆள் க்ளோவர் என்கிற தீவனச் செடிக்குள் கிடக்கிறான்.

சொகுசு வாழ்க்கைக்கு ஆங்கிலத்தில் சொலவடைகள் ஏராளம். ரோஜாப் படுக்கை என்பார்கள் (முள்ளைப் பற்றி யோசிக்காத ஆசாமி யாரோ ஆரம்பித்திருக்க வேண்டும்), பைபிளிலிருந்து வந்த பாலும் தேனும் ஓடும் நாடு என்பார்கள். எனக்குப் பிடித்தவை கால்நடையோடு புழங்கியவர்கள் வாயில் பிறந்த இரண்டு, ஏனென்றால் அவற்றுக்குள் கொஞ்சம் உயிரியல் ஒளிந்திருக்கிறது.

ஒன்று அமெரிக்காவில் புழங்குவது, 'ஹை ஆன் த ஹாக்'. பன்றியின் மேல்பாகத்தைச் சாப்பிட்டு வாழ்கிறான் என்று பொருள். முதுகெலும்பை ஒட்டிய தசைக்கு, நடந்து நடந்து உழைக்கிற கால் தசையோடு ஒப்பிட்டால், வேலை குறைவு. அதனால் அதில் கொலாஜன் என்ற நார்ப்புரதமும் குறைவு, சில நிமிடங்களில் மெத்தென்று வெந்துவிடும். கால் பகுதியில் கொலாஜன் அதிகம், அது கரைந்து ஜெலட்டினாக மாற மணிக்கணக்கில் கொதிக்க வேண்டும். ஆட்டுக்கால் பாயா அடுப்பை விட்டு இறங்காத காரணமும் இதுதான். காசுள்ளவன் மேலே, இல்லாதவன் கீழே. கீழே இருப்பதில்தான் ருசி என்பது என் கட்சி, அது கிடக்கட்டும்.

க்ளோவருக்கு வருவோம். 1755-இல் சாமுவேல் ஜான்சன் தன் ஆங்கில அகராதியில் இந்தத் தொடருக்கு அர்த்தம் சொல்லும்போது காரணத்தையும் சேர்த்தே எழுதிவிட்டார்: க்ளோவர் மாட்டுக்குப் படு ருசி, நன்றாகக் கொழுக்கவும் வைக்கும். பார்க்கப் புல் மாதிரி தரையோடு படர்ந்தாலும் அது புல்லே இல்லை. மூன்று மூன்று இலையாக விடுகிற பயறுக் குடும்பத்துச் செடி, நம் கொள்ளுக்கும் அகத்திக்கும் சொந்தம். வேரைப் பிடுங்கிப் பார்த்தால் குட்டிக் குட்டி முடிச்சுகள் இருக்கும், நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. நம் ரத்தத்து ஹீமோகுளோபினின் உறவுக்காரப் புரதம் ஒன்று தருகிற நிறம் அது. முடிச்சுக்குள் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்குப் பயன்படும் அம்மோனியாவாக மாற்றுகின்றன. அந்த வேலையைச் செய்யும் நொதிக்கு ஆக்சிஜன் பட்டாலே ஆகாது, பாக்டீரியாவுக்கோ ஆக்சிஜன் இல்லாமல் முடியாது. அதனால் இந்தச் சிவப்புப் புரதம் ஆக்சிஜனைக் கையில் பிடித்து வைத்துக்கொண்டு அளந்து அளந்து கொடுக்கிறது.

இப்படி உரம் வீட்டுக்குள்ளேயே தயாராவதால் இலையில் புரதம் கொட்டிக் கிடக்கிறது. இளம் க்ளோவரைக் காயவைத்து நிறுத்தால் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் புரதம் இருக்கும், நம் வைக்கோலில் அது 4 சதவீதம் தேறினாலே பெரிது. 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் நார்ஃபோக் பக்கத்து விவசாயிகள் கோதுமை, டர்னிப், பார்லி, க்ளோவர் என்று 4 வருடச் சுழற்சி வைத்திருந்தார்கள். மாட்டுக்கும் தீவனம், மண்ணுக்கும் தெம்பு.

சரி, மாட்டை அவிழ்த்து க்ளோவருக்குள் விட்டால் சொர்க்கம்தானே? இங்கேதான் வில்லங்கம். பசியோடு போன மாடு இளம் க்ளோவரை வாரி வாரித் தின்றால் செத்தே போகலாம்.

மாட்டின் முதல் வயிறு 100 லிட்டருக்கு மேல் பிடிக்கிற ஒரு நொதிக்கலன். அங்கிருக்கும் நுண்ணுயிரிகள் தீவனத்தைப் புளிக்க வைக்கும்போது மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் கிளம்பும், மாடு ஏப்பம் விட்டே அதைத் தள்ளிவிடும். க்ளோவர் இலை சட்டென்று நொறுங்கி, அதன் கரையும் புரதங்கள் வயிற்று நீரில் கலந்துவிடும். முட்டை வெள்ளைக்கருவை அடித்தால் நுரை நிற்குமே, அதே கதைதான். ஒவ்வொரு குமிழியைச் சுற்றியும் புரதப் படலம் மூடிக்கொள்ள, வாயு பிரிந்து மேலே போக வழியில்லாமல் நுரைக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது. நுரை உணவுக்குழாயின் வாயை எட்டியதும் அங்குள்ள நரம்புகள் அதைத் திரவம் என்று எடுத்துக்கொண்டு, நுரையீரலுக்குள் போய்விடக் கூடாதே என்று ஏப்பத்தை அடக்கிவிடுகின்றன. பாதுகாப்புக்கு இருக்கிற ஏற்பாடே கழுத்தை நெரிக்கிறது. இடப்பக்க விலா கூடைபோல எழும்பும், தட்டினால் மேளச் சத்தம் வரும், வீங்கிய வயிறு நுரையீரலை நசுக்க, சில மணி நேரத்தில் கதை முடிந்துவிடலாம்.

குதிரைமசால் என்கிற பயறுக் குடும்பத் தீவனத்தைப் போடுகிறவர்களுக்கு இந்த உப்புசம் தெரிந்ததுதான். வயிறு உப்பிய மாட்டுக்கு எண்ணெய் கொடுப்பதில் வேதியியல் இருக்கிறது, குமிழியின் படலத்தை அது உடைத்துவிடும். வயிற்றுக்குள் வெறும் குழாய் விட்டால் நுரை அவ்வளவு லேசில் வெளியே வராது. முதலில் வைக்கோல் கொஞ்சம் போட்டுப் பசியை அடக்கிவிட்டு அப்புறம் பச்சையைக் காட்டுவதுதான் நல்லது.

மாடும் ஒன்றும் முட்டாள் இல்லை. புல்லையும் க்ளோவரையும் பக்கத்துப் பக்கத்தில் வளர்த்து, எது வேண்டுமோ தின்னட்டும் என்று மாடுகளையும் ஆடுகளையும் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். க்ளோவரையே மொட்டையடிக்கும் என்றுதான் தோன்றும், ஆனால் ஏறத்தாழ 70 சதவீதம்தான் க்ளோவர், மீதி புல். அதிலும் காலையில் க்ளோவர் பக்கம் சாய்ந்த வாய், பொழுது சாயச் சாயப் புல்லுக்குத் திரும்பியது.