பல்லுக்குள் தங்கிவிடும் ஆக்ஸிஜன்

வேர் சிகிச்சை செய்து கேப் மாட்டிய பல், உள்ளே வைத்த தண்டோடு கழன்று கையில் வந்துவிட்டதாக ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். "அத்தனை முறை மருந்து விட்டுக் கழுவினார்களே, அப்புறமும் ஏன் பசை பிடிக்கவில்லை?" என்று கேட்கிறார். கழுவிய மருந்தே ஒரு காரணமாக இருக்கலாம் என்பதுதான் இதில் சுவாரசியம்.

பல்லின் மேல்பகுதி பெருமளவு சிதைந்து, கேப்பைத் தாங்க ஒன்றும் மிஞ்சாதபோதுதான் வேருக்குள் கண்ணாடி நார்த் தண்டு வைக்கிறார்கள். கண்டங்கத்திரி விதைப் புகை காட்டினால் பல்லிலிருந்து புழு விழும் என்று நம்பி மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் கடைசியில் வந்து நிற்பது இந்த நிலையில்தான். சொத்தைப் பல்லில் புழு கிடையாது, பாக்டீரியாதான் உண்டு. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுக்கவில்லை, இன்னும் சொல்வேன்.

வேர்க்குழாயைக் கழுவப் பயன்படுவது சோடியம் ஹைப்போகுளோரைட். முதல் உலகப் போரில் காயங்களைக் கழுவ வேதியியலாளர் ஹென்றி டேக்கின் 0.5 சதவீத அளவில் கொடுத்த அதே பொருள். பல்லில் பெரும்பாலும் 2.5 முதல் 5.25 சதவீதம் வரை. கிருமியைக் கொல்லும், அழுகிய திசுவைக் கரைக்கும். குடையும்போது சுவரில் அப்பிக்கொள்ளும் தூள்படலம் அதற்குக் கரையாது. அதை எடுக்க 17 சதவீத ஈடிடிஏ என்ற வேதிக்கரைசல். அந்தப் படலத்தை விட்டுவிட்டுப் பசை தடவுவது, பொரிந்த சுண்ணாம்பைச் சுரண்டாமல் சுவருக்குப் பெயின்ட் அடிப்பது போலத்தான்.

சுவர் சுத்தமாகிவிட்டது. பிறகு என்ன தடை?

தண்டை ஒட்டும் ரெசின் பசை காய்ந்து இறுகுவதில்லை, வேதிவினையால் இறுகுகிறது. ஜோடி இல்லாத எலக்ட்ரான் கொண்ட ஒரு மூலக்கூறு பக்கத்திலுள்ள மூலக்கூறின் இரட்டைப் பிணைப்பை உடைத்து அதனுடன் சேர்கிறது. சேர்ந்ததும் ஜோடி தேடும் அதே பசி சங்கிலியின் புது நுனிக்கு வந்துவிடுகிறது. அது அடுத்ததைப் பிடிக்கிறது. இப்படி நீண்டுகொண்டே போகும் சங்கிலியின் நுனியில் ஓர் ஆக்ஸிஜன் மூலக்கூறு வந்து அமர்ந்தால், நுனி மந்தமாகிவிடும். வளர்ச்சி அங்கேயே நிற்கும். வெள்ளை ஃபில்லிங் போட்டு நீல ஒளி காட்டி முடித்ததும் மேல்பரப்பு மட்டும் லேசாகப் பிசுபிசுக்கும். காற்றின் ஆக்ஸிஜன் பட்டு இறுகாமல் போன மெல்லிய படலம் அது.

வேருக்குள் காற்று எங்கே என்று கேட்கலாம். ஹைப்போகுளோரைட் சிதையும்போது ஆக்ஸிஜன் வெளியாகிறது. பல்லின் உட்சுவரான டென்டின் முழுக்க நுண்குழல்கள். ஒவ்வொன்றும் சில மைக்ரான் அகலம். அவற்றுக்குள் ஆக்ஸிஜனும் ஆக்ஸிஜனேற்றம் அடைந்த மிச்சங்களும் தங்கிவிடுகின்றன. ஆகவே பசையின் நடுப்பகுதி கெட்டியாகிறது, சுவரைத் தொடும் ஓரம் மட்டும் அரைகுறையாக நிற்கிறது. பிடிப்பு வேண்டிய இடமோ அந்த ஓரம்தான்!

இதற்கான மாற்றுமருந்து என்னை மிகவும் கவர்ந்தது. வைட்டமின் சி! வேதிப்பெயர் அஸ்கார்பிக் அமிலம். எலக்ட்ரானைத் தயங்காமல் கொடுக்கும் பொருள் என்பதால் அந்த ஆக்ஸிஜனேற்ற மிச்சங்களை அடக்கிவிடுகிறது. ஹைப்போகுளோரைட்டால் குறைந்த ஒட்டுத்திறன், 10 சதவீத அஸ்கார்பிக் அமிலமோ அதன் சோடியம் உப்போ விட்டுக் கழுவியதும் மீள்வதை 2001இல் வெளியான ஆய்வுகள் காட்டின. எல்லாப் பசைக்கும் பாதிப்பு ஒரே அளவு இல்லை, முடிவுகள் முரண்படுவதும் உண்டு. பெரும்பாலானவை பிடுங்கிய பற்களில் செய்த சோதனைகள். வாயில் பல ஆண்டுகள் மென்ற பற்களைத் தொடர்ந்து பார்க்கும் ஆய்வுக்குப் பொதுப்பணம்தான் வேண்டும் என்பது என் கருத்து. தன் பசையைச் சோதிக்க நிறுவனம் பணம் தரும். யாரும் உரிமை கொண்டாட முடியாத மலிவான வைட்டமின் கரைசலுக்கு யார் தருவார்?

ஹைப்போகுளோரைட்டை விட்டுவிடவும் முடியாது. கிருமி மிஞ்சினால் பசை நன்றாகப் பிடித்தும் பயனில்லை. வாசகர் அந்தத் தண்டைத் தூக்கி எறிய வேண்டாம். பசை முழுவதும் தண்டின் மீதே இருந்தால், விட்டுப்போனது பல்சுவர்ப் பக்கம். வேரில் விரிசலோ புதுச் சொத்தையோ இல்லையென்றால் பல நேரங்களில் மறுபடி ஒட்டலாம். டாக்டரிடம் அதையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.