பச்சைப் படலத்தில் மயில்துத்தம் போடுவதற்கு முன்

குடிநீர் ஆய்வகத்தில் வேலை செய்யும் எங்களிடம் கோடையில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது: “ஏரி முழுக்கப் பச்சைப் பெயின்ட் ஊற்றியதுபோல் இருக்கிறது. மயில்துத்தம் போட்டுவிடலாமா?” மயில்துத்தம் என்பது பாசியைக் கொல்லப் போடும் தாமிர சல்பேட். குடிநீர் எடுக்கும் ஏரி என்றால் தயவுசெய்து போடாதீர்கள். காரணம், அந்தப் பாசியின் செல் மேற்பரப்பிலிருந்தே தொடங்குகிறது.

அந்தப் படலத்தில் ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்தால் நான் அதிகம் காண்பது மைக்ரோசிஸ்டிஸ் என்னும் நீலப்பச்சைப்பாசி. ஒரு செல்லின் விட்டம் சுமார் 5 மைக்ரோமீட்டர்தான். ஆனால் ஏரியில் அது தனித்து வாழ்வது குறைவு. நூற்றுக்கணக்கான செல்கள் ஒரே வழுவழுப்பான உறைக்குள் கூடியிருக்கும். செல்லின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் அவை ஒன்றையொன்று விலக்கியாக வேண்டும். நீரிலுள்ள கால்சியம் அயனிகள் அந்த விலக்கத்தைத் தணித்து, செல்கள் சுரக்கும் பாலிசாக்கரைடு (சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த சங்கிலி) இழைகளைப் பிணைத்துவிடுகின்றன. இரண்டாகப் பிரிந்து பெருகும் செல்களும் விலகிப் போகாமல் உறைக்குள்ளேயே தங்குகின்றன. இதே பாசியை ஆய்வகக் கரைசலில் நெடுநாள் வளர்த்தால் உறை மெலிந்து தனிச்செல்களாகிவிடும். அதை மேயும் கசையிழை நுண்ணுயிர்களைச் சேர்த்தபோது மீண்டும் திரண்டதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

திரண்டால் மேய்பவற்றின் வாய்க்கு அடங்காது. அதைவிட முக்கியம், மிதக்கும் வேகம். செல்லுக்குள் வாயு நிறைந்த நுண்குமிழ்கள் உண்டு. திரளின் விட்டம் 10 மடங்கானால் மேலெழும் வேகம் ஏறத்தாழ 100 மடங்காகும். அதனால்தான் காற்று ஓய்ந்த காலையில் திடீரெனப் படலம் தோன்றுகிறது.

மைக்ரோசிஸ்டின் என்னும் ஈரல் நஞ்சு, உயிருள்ள பாசியில் பெரும்பாலும் செல்லுக்குள்ளேயே இருக்கும். மயில்துத்தம் செல்லை உடைத்து அதை நீரில் கரைத்துவிடும். கரைந்த நஞ்சை மணல் வடிகட்டி நம்பும்படி நிறுத்தாது. காய்ச்சினாலும் அழியாது, நீர் ஆவியாவதால் செறிவுதான் கூடும். 2014 ஆகஸ்டில் ஈரி ஏரி நீரைக் குடிக்கும் அமெரிக்காவின் டொலிடோ நகரில், சுமார் 5 லட்சம் பேரிடம் குழாய்நீரைக் குடிக்கவும் வேண்டாம், காய்ச்சவும் வேண்டாம் என்று சொல்ல நேர்ந்தது.

செல்லை முழுதாகவே பிடித்து அகற்றுவதுதான் வழி. செல்களைத் திரட்டிப் படியவைக்கப் படிகாரம் போடுவோம்; பாசியின் உறைப்பொருள் அந்தப் படிகாரத்தை இழுத்துக்கொள்ளும். வழக்கமான அளவு போதாமல் போகலாம், ஜார் சோதனை (சில பாத்திரங்களில் ஒரே நீரை எடுத்து, வெவ்வேறு அளவு படிகாரம் போட்டுப் பார்ப்பது) செய்து முடிவெடுங்கள். வடிகட்டுமுன் குளோரின் கலப்பதைத் தவிருங்கள், அதுவும் செல்லை உடைத்துவிடும். நீர் எடுக்கும் குழாயை முடிந்தவரை படலத்துக்குக் கீழே இறக்குங்கள். காற்று ஒதுக்கும் கரையில்தான் படலம் தடித்திருக்கும். அந்தப் பக்கம் மாடுகளையும் நாய்களையும் நீர் குடிக்க விடாதீர்கள், குழந்தைகளை இறங்க விடாதீர்கள்.